ரெண்டு பாட்டைக் காணோம்!

அடுத்த வருஷம் இதே நேரம் நான் தமிழ் வாத்தியார். (நடுவில் ஒரு தகுதித் தேர்வு இருக்கிறது. நல்ல காரியம் பேசும்போது அது எதுக்கு?) பி.எட். வகுப்பில் இந்த மாதம் கொடுத்த வேலை, இலக்கியம் சொல்லித் தருகிற இணையதளங்களைப் பார்த்து மார்க் போடுவது. இத்தனை நாள் நமக்குத்தான் ஊரெல்லாம் மார்க் போட்டது. கிடைத்த சான்ஸை விடுவோமா?

கூடப் படிக்கிற ஆசாமிகள், 'முகப்பு ஜோர், எழுத்து பெரிசு, படமெல்லாம் ஓடுது' என்று 80, 90 என வாரி வழங்கிவிட்டார்கள். சட்டை நன்றாக இருக்கிறது என்று மாப்பிள்ளைக்குப் பெண் கொடுக்கிற கதை!

வாத்தியார் உத்தியோகத்தில் ஒரு வில்லங்கம் உண்டு சார். ஆபீஸில் நீங்கள் தப்புப் பண்ணினால் ஒரு ஃபைல் கெடும். போர்டில் வாத்தியார் தப்பாக எழுதினால் நாற்பது நோட்டில் ஏறிவிடும். அந்த நாற்பதில் பாதிப் பேர் வீட்டில் சரிபார்க்க வேறு புத்தகமே இருக்காது. 'சாரே சொல்லிட்டாரு' என்பதுதான் கடைசித் தீர்ப்பு. அதனால் நான் கொஞ்சம் கறாராகவே இறங்கினேன். மூன்றே மூன்று சோதனை.

முதல் சோதனை, இல்லாததைக் கேட்பது. புறநானூற்றில் 400 பாட்டு என்று படித்திருப்பீர்கள். அதில் 267, 268 இரண்டும் கிடைக்கவில்லை. உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக ஏடு தேடி அலைந்து 1894-ல் புறநானூற்றை அச்சுப் போட்டார். இன்றுவரை அந்த ரெண்டும் அகப்படவில்லை. பதிற்றுப்பத்தில் இன்னும் மோசம். முதல் பத்தும் கடைசிப் பத்தும் அப்படியே அம்பேல்!

நல்ல தளம் 'இந்தப் பாட்டு கிடைக்கவில்லை' என்று ஒரு வரி போட்டிருக்கும். நான் பார்த்த ஒன்று 266-லிருந்து மூச்சுக் காட்டாமல் 269-க்கு ஒரே தாவு. வேடிக்கைக்காக ஒரு செயற்கை மூளையிடமும் 267-ஐக் கேட்டுப் பார்த்தேன். தமிழ்த் தாத்தாவுக்கே கிடைக்காத பாட்டை, திணை, துறை, பாடிய புலவர் பேர் சகிதம் நொடியில் எழுதி நீட்டியது பாருங்கள்! 'அந்தச் சரக்கு இல்லீங்க' என்று சொல்கிற மளிகைக்கடைக்காரரை நம்பலாம். எதைக் கேட்டாலும் எடுத்து நீட்டுகிறவரிடம்தான் உஷாராக இருக்க வேண்டும்.

இரண்டாவது சோதனை, கையெழுத்து. யார் போட்டார் என்று தெரியாத காகிதத்தை உங்கள் மேனேஜர் தொடுவாரா? இலக்கியத்தை மட்டும் ஏன் தொட வேண்டும்? எந்தப் பதிப்பைப் பார்த்து அடித்தார்கள், யார் பிழை திருத்தினார்கள் என்று போட்டிருக்க வேண்டும். 1998 பொங்கலன்று ஆரம்பித்த மதுரைத் திட்டத்தில் தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயரெல்லாம் நூலோடு இருக்கும். சம்பளம் வாங்காமல் செய்த வேலை, கும்பிடலாம். விக்கிமூலத்தில் இன்னும் சுவாரஸ்யம். பக்கத்துக்குப் பக்கம் டிராஃபிக் சிக்னல்! சிவப்பு என்றால் இன்னும் யாரும் திருத்தவில்லை. மஞ்சள் என்றால் ஒருத்தர் பார்த்தாயிற்று. பச்சை என்றால் இரண்டாவது ஆளும் சரிபார்த்துவிட்டார். பக்கத்திலேயே மூலப் புத்தகத்தின் படமும் இருக்கும். ல, ள, ழ சந்தேகம் வந்தால் அங்கேயே தீர்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவதுதான் பெரிய விவகாரம். 'பொருள்' என்று போடுகிறார்களே, அது யார் சொன்ன பொருள்? 55-வது குறளை எடுத்துக்கொள்ளுங்கள். மனைவியைப் பற்றியது. வேறு தெய்வம் தொழாமல் கணவனையே தொழுது எழுகிறவள் 'பெய்' என்றால் மழை பெய்யும் என்பது பரிமேலழகர் உரை. 'அப்படியில்லை, வேண்டும்போது பெய்கிற மழை மாதிரிப் பயன்படுகிறவள் அவள்' என்று பிற்காலத்தில் வேறு விதமாகச் சொன்னவர்களும் உண்டு. உரைகாரர் பெயரை மறைத்துவிட்டு ஒரே ஒரு பொருளைப் போட்டால் என்ன ஆகும்? வகுப்பில் உட்கார்ந்திருக்கிற இருபது பெண் பிள்ளைகள், வள்ளுவரே நேரில் வந்து சொல்லிவிட்டுப் போனதாக நினைக்கும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம் உரைகளை உரையாசிரியர் பெயரோடு வைத்திருக்கிறது. அதற்கு நான் கூடுதலாகவே மார்க் போட்டேன்.

மொத்தக் கூட்டலில் பளபளவென்று இருந்த தளங்கள் பல ஃபெயில். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தாக அழுது வடிந்த தளங்கள் முதல் வகுப்பு. உங்கள் வீட்டுப் பொடிசுகள் ஃபோனைப் பார்த்து ஹோம்வொர்க் எழுதினால், நீங்களும் ஒரு தடவை அந்த 267-ஐக் கேட்டுப் பாருங்கள். அரை நிமிஷ வேலை.

நாளைக்கு என் வகுப்பில் கடைசி பெஞ்சுப் பொடியன் ஒருத்தன் எழுந்து, "சார், அந்த ரெண்டு பாட்டு எங்கே போச்சு?" என்று கேட்பான். பதில் இப்போதே தயார்.

"கிடைக்கலைடா ராஜா. பெரியவனானதும் நீ தேடிப் பாரு."