நமது நிறமும் காமிராவின் கணக்கும்

வருஷக் கடைசியில் பள்ளிக்கூடங்களில் எடுக்கும் வகுப்புப் படங்களை நேயர்கள் பார்த்திருப்பார்கள். பிள்ளைகள் மூன்று வரிசையாக நிற்பார்கள். பின்னால் சுண்ணாம்பு அடித்த சுவர் பளீரென்று இருக்கும். படம் கைக்கு வந்ததும் ஒவ்வொரு பிள்ளையும் முதலில் தன் முகத்தைத்தான் தேடும். சிவந்த மேனியுள்ள பிள்ளைக்கு முகம் உடனே அகப்பட்டுவிடும். கறுத்த பிள்ளைக்கோ இரண்டு கண்களும் ஒரு வரிசைப் பற்களுமே அகப்படும். "நான் கறுப்பு, அதனால் படத்தில் நன்றாக விழமாட்டேன்" என்று அந்தக் குழந்தை அன்றே தீர்மானம் செய்துகொள்கிறது. பிறகு ஆயுள் முழுவதும் காமிராவைக் கண்டால் பின் வரிசைக்கு நகர்ந்துவிடுகிறது.

இது வெறும் வெளிச்சக் கணக்கில் நேர்ந்த பிசகு. அதைத் திருத்தும் வழி எளிது. ஆகையால் இந்த வாரம் அதையே எடுத்துக்கொள்வோம்.

காமிராவுக்கு முகம் இன்னதென்றோ சுவர் இன்னதென்றோ இயல்பாகத் தெரியாது. தன்மீது வந்து விழும் வெளிச்சத்தை அளந்து, எதிரே உள்ள காட்சி சராசரியில் நடுத்தரச் சாம்பல் நிறமாக இருக்கவேண்டும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. புகைப்படக்காரர்கள் அளவுக்காக வைத்திருக்கும் சாம்பல் அட்டை, தன்மேல் விழும் ஒளியில் 100க்கு 18 பங்கைத் திருப்பியனுப்புவது. வெள்ளைச் சுவர் படத்தில் பெரும் பங்கை அடைத்துக்கொண்டால், "வெளிச்சம் அதிகம்" என்று எண்ணிக் காமிரா ஒளியைக் குறைத்துவிடுகிறது. சுவர் சாம்பலாகிறது, கறுத்த முகம் கரியாகிறது. கறுத்த கதவுக்கு முன்னால் கரும்பச்சைப் புடைவையில் ஒருவரை நிறுத்தினால், இதற்கு நேர்மாறாக ஒளியைக் கூட்டிவிடும். முகம் வெளிறி நெற்றி பளபளக்கும். இரண்டிலும் நாம் காணும் மனிதர் படத்தில் இல்லை.

பிலிம் காலத்திலும் இந்தச் சங்கடம் உண்டு; அதற்கு வேறொரு காரணமும் சேர்ந்திருந்தது. அமெரிக்காவில் கோடக் கம்பெனியார், வர்ணப் படங்களை அச்சிடும் கூடங்களுக்கு மாதிரி அட்டைகள் அனுப்பி வந்தார்கள். அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். 'ஷெர்லி அட்டை' என்று அதற்குப் பெயர். அவள் மேனி சரியாக வந்தால் வர்ணம் சரி என்பது விதி. மாநிறத்தவரும் கறுத்தவரும் அந்த விதிக்கு வெளியே நின்றார்கள். கனடா தேசத்து ஆராய்ச்சியாளரான லோர்னா ரோத் என்னும் அம்மையார் இந்தச் சரித்திரத்தை 2009இல் விரிவாக எழுதியிருக்கிறார். பல நிறத்துப் பெண்கள் சேர்ந்திருக்கும் அட்டைகள் பின்னால்தான் வந்தன. டிஜிடல் யுகத்திலும் விஷயம் உடனே மாறிவிடவில்லை. கூகிள் கம்பெனியார் 2021இல் வெளியிட்ட பிக்ஸல் 6 செல்போனில், கறுத்த மேனியை உள்ளபடி காட்டுவதற்கென்றே தனி ஏற்பாடு செய்து, அதைப் பிரமாதமாக விளம்பரமும் செய்தார்கள். ஆனால் எந்தக் காமிராவாயிருந்தாலும், அதை வைத்திருப்பவர் கொஞ்சம் சிரத்தை எடுத்துக்கொண்டால் காரியம் நடக்கும்.

முதலாவது, அளவு. ஏறக்குறைய எல்லாக் காமிராக்களிலும் கூட்டல், கழித்தல் அடையாளமிட்ட ஒரு பொத்தானோ சக்கரமோ உண்டு. பின்னணி வெளுப்பாயிருந்தால் கூட்டல் 1 வைக்கவேண்டும். அது ஒளியை இரட்டிப்பாக்கும். பின்னணி கறுப்பாயிருந்தால் கழித்தல் 1, ஒளி பாதியாகும். செல்போனில் முகத்தின்மேல் விரலை வைத்து, பக்கத்தில் தோன்றும் சூரிய உருவத்தை மேலும் கீழும் நகர்த்தினாலும் இதே பலன் கிட்டும். படம் எடுத்தவுடன் வெளிச்ச வரைபடத்தைப் பாருங்கள். இடது கோடி கறுப்பு, வலது கோடி வெளுப்பு. மலைபோன்ற அந்த உருவம் வலது சுவரில் மோதி நின்றால், வெள்ளை வேஷ்டியின் மடிப்பும் நகையின் வேலைப்பாடும் தொலைந்தன என்று அர்த்தம். மோதாத வரையில் முகத்துக்குத் தாராளமாக ஒளி கொடுக்கலாம்.

ஏன் தாராளம்? சாதாரண ஜேபெக் படத்தில் ஒவ்வொரு வர்ணத்துக்கும் 256 படிகளே உண்டு. 'ரா' என்று சொல்லும் சமைக்காத பதிவில், 14 பிட் காமிராவானால் 16,384 படிகள். அவற்றிலும் சரிபாதி மிகப் பிரகாசமான பாகத்துக்கே போய்விடுகிறது. இருண்ட பாகங்களுக்கு மிஞ்சுவது சொற்பம். முகத்தை இருட்டில் விட்டுப் பிறகு கம்ப்யூட்டரில் தூக்கி நிறுத்தினால், கன்னத்தில் மணலை வாரி இறைத்ததுபோல் புள்ளிகள் கிளம்பும். முக்கியமான படங்களை 'ரா' பதிவாகவே எடுத்து வைப்பது நல்லது.

இரண்டாவது, வெளிச்சத்தின் குணம். கறுத்த மேனியின் அழகு அதன் மினுமினுப்பில் இருக்கிறது. கன்னத்தின் வளைவும் மூக்கின் கூர்மையும் அந்த மினுக்கினாலேயே உருவம் பெறுகின்றன. ஆகவே நேர் எதிரே பிளாஷை வெடித்தால் நெற்றியில் ஒரு வெள்ளைத் திட்டுத்தான் லாபம். உச்சி வெயிலோ கண்ணுக்குழிகளை நிழலால் நிரப்பிவிடும். நமது வீடுகளின் திண்ணையும் தாழ்வாரமும் இதற்கென்றே கட்டியவைபோல் அமைந்திருக்கின்றன. தெருப் பக்கத்திலிருந்து மெல்லிய ஒளி ஒரு புறமாக வரும். நிழல் விழும் மறுபுறத்தில் வெள்ளை வேஷ்டி ஒன்றைக் கொடியில் உலர்த்துவதுபோல் தொங்கவிட்டால், அது ஒளியைத் திருப்பி அனுப்பி முகத்தை நிரப்பும். கடையில் விற்கும் பிரதிபலிப்புத் தட்டு செய்வதும் இதே வேலைதான். இரவில் பிளாஷ் தவிர்க்க முடியாவிட்டால், வெள்ளைக் கூரையை நோக்கித் திருப்பி அடியுங்கள்.

மூன்றாவது, வர்ணம். பகல் வெளிச்சம் சுமார் 5,500 கெல்வின். பழைய இழை பல்பு சுமார் 2,700. இரண்டும் ஒரே முகத்தில் விழுந்தால் ஒரு கன்னம் நீலம், மறு கன்னம் மஞ்சள். ஜன்னல் வெளிச்சம் போதுமானால் விளக்கை அணைத்துவிட வேண்டியதுதான்.

"இதற்கெல்லாம் பெரிய காமிரா வேண்டாமா?" என்று கேட்கத் தோன்றும். பெரிய சென்ஸர் அதிக ஒளியை வாங்கும் என்பது உண்மையே. 36க்கு 24 மில்லிமீட்டர் அளவுள்ளதும் உண்டு. அதில் பாதிப் பரப்புக்கும் குறைவான ஏ.பி.எஸ்.சி. வகையும் உண்டு. ஆனால் குடும்பஸ்தர்களுக்கு என் யோசனை இது: இருக்கிற காமிராவை வைத்துக்கொண்டு, துவாரம் 1.8 உள்ள 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றை வாங்குங்கள். காமிராவோடு கொடுக்கும் 18–55 லென்ஸ், முகம் பெரிதாக விழும் கோடியில் 5.6 துவாரந்தான் திறக்கும். அதைவிட இது ஏறக்குறைய 10 மடங்கு ஒளியை உள்ளே விடும். மாலைத் திண்ணையில் பிளாஷ் இன்றியே, ஷட்டரை 1/125 விநாடியில் வைத்துப் பாட்டியின் முகத்தை அசைவில்லாமல் எடுத்துவிடலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பல செல்போன்களில் 'பியூட்டி' என்றொரு வசதி இருக்கிறது. நம்மைக் கேளாமலே முகத்தைத் தேய்த்து வெளுத்துக் கொடுக்கிறது. அதை அணைத்துவிடுங்கள். கல்யாண ஆல்பத்துக்குப் பெண்ணின் நிறத்தைக் கூட்டச் சொல்லிக் கேட்கும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். ஐம்பது வருஷம் கழித்து அந்தப் பெண்ணின் பேத்தி ஆல்பத்தைப் புரட்டி, "பாட்டி என்னைப் போலவே இருந்தாளா?" என்று பார்ப்பாள். அவளுக்குச் சரியான பதிலை நாம் இப்பொழுதே எழுதி வைக்கவேண்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, வீட்டில் மிகவும் கறுப்பானவரைத் திண்ணைக்கு அழைத்து உட்கார வையுங்கள். கழித்தல் 1, பூஜ்யம், கூட்டல் 1 என்று மூன்று படங்கள் எடுத்து, அவர் கையிலேயே கொடுங்கள். எது தாம் என்று அவரே சொல்லட்டும்.