மலைநாட்டு விடுதி விதிகள்: ஒரு மறுப்பு

பசுந்தேயிலைக்கு உரிய விலை கிடைப்பதில்லை. கேரட்டும் உருளைக்கிழங்கும் ஒரு போகம் கைகொடுத்தால் மறு போகம் கைவிடுகின்றன. இந்த நிலையில் தன் தோட்டத்திலேயே நான்கு அறைகளைக் கட்டி, வரும் விருந்தினரிடம் வாடகை பெற்று ஜீவிக்க நினைக்கும் சிறு விவசாயியை எந்த நிலத்தில் எதைக் கட்டலாம் என்று வகுக்கும் மாஸ்டர் பிளானின் நில வகைப்பாட்டு விதிகள் வழிமறித்து நிற்கின்றன. அவ்விதிகளை நீக்கிவிட்டால் மலையில் விவசாயமும் பிழைக்கும், ஊர்களும் செழிக்கும் என்பது நீலகிரி மாவட்டத்தில் இன்று பரவலாக நிலவும் அபிப்பிராயம். ஊட்டியிலும் கோத்தகிரியிலும் கூடலூரிலும் இதைச் சொல்லாதவர் அரிது. சொல்வோரில் பெரும்பாலோர் நல்லெண்ணம் உடையவர்கள். அவர்கள் சுட்டிக்காட்டும் துன்பமும் மெய்யானது. 1990-களின் இறுதியில் சரிந்த பசுந்தேயிலை விலை சிறு விவசாயிகளின் குடும்பங்களை எப்படி உலுக்கியதென்பதையும், அதன்பின் எத்தனை இளைஞர்கள் தோட்டத்தை விட்டுக் கோவைக்கும் திருப்பூருக்கும் இறங்கிப் போனார்கள் என்பதையும் அறிந்த எவரும் அந்தத் துன்பத்தை அலட்சியம் செய்ய மாட்டார். ஆயினும் துன்பம் மெய்யாயிருப்பதனாலேயே அதற்குச் சொல்லப்படும் பரிகாரமும் சரியானதாகிவிடாது. இந்தப் பரிகாரம், எவரைக் காக்க வேண்டுமென்று சொல்லப்படுகிறதோ அந்தச் சிறு விவசாயியையே முதலில் அழிக்கும் என்பது என் உறுதியான கருத்து. ஆகையால் அவர்கள் கூறும் நியாயங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

பட்டா நிலம் என்னுடையது, அதில் நான் எதைக் கட்டினால் பிறருக்கு என்ன என்பது முதல் நியாயம். சமவெளியில் இதற்கு ஓரளவு இடமுண்டு. மலைச்சரிவிலோ ஒருவன் மேலே மண்ணை வெட்டினால் அதன் பலனைக் கீழே குடியிருப்பவன் அனுபவிக்கிறான். ஒருவன் ஓடையை மறித்து அடித்தளம் போட்டால் மழைநீர் வேறொருவனுடைய வீட்டுச் சுவரைத் தேடிச் செல்கிறது. 2009 நவம்பரில் ஊட்டி, குன்னூர், கேத்திப் பகுதிகளில் மண் சரிந்து நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. இத்தகைய வானத்தின் கீழ், இத்தகைய மண்ணின் மேல், கட்டிடத்தின் உயரத்துக்கும் பரப்புக்கும் சரிவுக்கும் வரம்பு வகுத்து 1993-ஆம் ஆண்டில் மலையிடங்களுக்கென்று தனிக் கட்டிட விதிகள் ஏற்பட்டதில் அநியாயம் எங்கே இருக்கிறது? சொத்துரிமை என்பது அயலானின் உயிருரிமைக்கு உட்பட்டது என்பது நம் கிராமங்களில் வாய்க்கால் பாத்தியதை, வழிப் பாத்தியதை ஆகியவற்றின் வாயிலாக நெடுங்காலமாக ஒப்புக்கொள்ளப்பட்ட தர்மந்தான்.

அடுத்து வருவது சற்றே நுட்பமான நியாயம்: பெரிய ஹோட்டல்களைத் தடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை; ஆனால் தோட்டத்துக்கு நடுவே இரண்டு காட்டேஜ் கட்டுவதால் என்ன கெட்டுவிடும் என்பது. இதற்கு விடை சீகூர் பீடபூமியில் இருக்கிறது. அந்த விடையைச் சிறிது விரிவாகவே சொல்ல வேண்டும்.

நீலகிரியின் வடக்குச் சரிவு இறங்கி முடியும் இடத்தில், மாயாற்றின் ஆழ்ந்த பள்ளத்தாக்குக்குத் தெற்கே, மழை மறைவில் கிடக்கும் வறண்ட காட்டுநிலம் அது. மசினகுடி, மாவனல்லா, பொக்காபுரம், வாழைத்தோட்டம் முதலிய ஊர்கள் அதில் உள்ளன. ஒருபுறம் யானை ஏற முடியாத செங்குத்து மலை, மறுபுறம் யானை இறங்க முடியாத ஆற்றுப் பள்ளம். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள ஒடுங்கிய சமநிலமே மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே யானைக் கூட்டங்கள் போக்குவரத்துச் செய்வதற்கு அமைந்த இயற்கையான பாதை. அங்கே முதலில் விடுதி கட்டியவர் யானைப் பாதையை அடைத்துவிட வேண்டுமென்று எண்ணியிருக்க மாட்டார். தம் நிலத்தில் சில அறைகளைக் கட்டினார், அறைகளைக் காக்க மின்வேலி போட்டார், விருந்தினருக்காக விளக்கெரித்தார், இரவில் தீ மூட்டி வைத்தார். அடுத்தவரும் அவ்வாறே செய்தார். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் அற்பம். முப்பத்தொன்பது விடுதிகளாக அவை பெருகியபோது, வேலிக்கு அப்பால் வேலி, விளக்குக்கு அப்பால் விளக்கு என்றாகி, பாதை பாதையாக இல்லாமற் போயிற்று. 2010-இல் தமிழக அரசு யானை வழித்தடத்தை அறிவித்தது. 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2018-இல் உச்ச நீதிமன்றத்தின் ஆணையை அடுத்து 27 விடுதிகளுக்கு முத்திரையிடப்பட்டது. 2020 அக்டோபர் 14-ஆம் தேதி அந்நீதிமன்றம் வழித்தட அறிவிப்பு செல்லும் என்று இறுதியாகத் தீர்ப்பளித்து, நில உரிமையாளர்களின் ஆட்சேபங்களை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரின் தலைமையில் குழுவையும் நியமித்தது.

தீர்ப்பு வந்து மூன்று மாதங்கள் கழிந்த பின், 2021 ஜனவரியில், மாவனல்லாவில் அனுமதியின்றி நடந்த தங்கும் விடுதி ஒன்றுக்கு அருகே வந்த ஆண் யானையின் மீது எரியும் பொருளை வீசியதில் காது வெந்து, அது சிகிச்சை பலிக்காமல் மாண்டது. அந்த விடுதி மாளிகையன்று, சிறிய இடந்தான். சிறிது என்பதனாலேயே ஒரு கட்டிடம் தீங்கற்றதென்று வாதிப்போர் இச்சம்பவத்துக்கு என்ன பதில் சொல்வார்கள் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. கட்டிடம் சிறியதா பெரியதா என்பதைவிட, அது எங்கே நிற்கிறது, அதில் யார் குடியிருக்கிறார்கள், இரவில் அதற்கு யார் பொறுப்பு என்பவையே முக்கியம். நில வகைப்பாட்டு விதி கேட்பதும் இம்மூன்று கேள்விகளைத்தான்.

மூன்றாவதாக, விதிகள் சிறியவனை நசுக்குகின்றன, பெரியவன் எப்படியும் தப்பித்துக்கொள்கிறான் என்கிறார்கள். பெரியவன் தப்பித்துக்கொள்வது உண்மை. கொடைக்கானலில் இரண்டு தளங்களுக்கு அனுமதி பெற்ற விடுதியொன்று ஏழு தளங்களாக எழும்பியதும், 1990-களில் அதற்கு அரசாங்கமே விதிவிலக்கு அளித்ததும், அவ்விலக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்ததும் யாவரும் அறிந்த விஷயம். ஆனால் இந்த வரலாறு எதை நிரூபிக்கிறது? பெரியவனுக்கு வேண்டியிருந்தது விதியன்று, விதியிலிருந்து விலக்கு என்பதைத்தான். அவ்விலக்கைத் தகர்க்க, பணமோ பதவியோ இல்லாத மலைவாசிகளுக்கும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தாருக்கும் ஆயுதமாக அமைந்தது அதே விதியல்லவா? விதியே இல்லாதிருந்தால் எந்த ஏட்டைக் காட்டி அவர்கள் நீதிமன்றப் படி ஏறியிருப்பார்கள்?

இதைவிட ஆழமான ஆபத்து ஒன்று உண்டு; அதைப் பற்றி இந்த வாதக்காரர்கள் பேசுவதே இல்லை. தேயிலைத் தோட்டத்தில் தங்குதடையின்றி விடுதி கட்டலாம் என்றாகிவிட்ட நாளிலிருந்து அந்தத் தோட்டத்தின் விலையைத் தேயிலை நிர்ணயிக்காது, விடுதி நிர்ணயிக்கும். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வரும் முதலீட்டாளர், கொழுந்து பறித்து ஈட்டும் வருமானத்தைக் கொண்டு ஒருபோதும் ஈடுகட்ட முடியாத விலையைக் கொடுத்து நிலத்தை வாங்குவார். விற்றவனுக்கு அன்று லாபந்தான். பக்கத்துக் குடும்பத்தில் பாகப்பிரிவினை நேரும்போது தம்பியின் பங்கை அண்ணன் வாங்க முடியாமற் போகிறதே, அங்கேதான் நஷ்டம் தொடங்குகிறது; குத்தகைக்கு நிலம் கிடைக்காமற் போகிறதே, அங்கே அது வளர்கிறது. சொந்தத் தோட்டத்தில் உழைத்தவனின் மகன் அதே தோட்டத்து விடுதியில் காவலாளாகவோ சமையற்காரனாகவோ மாதச் சம்பளத்துக்கு அமர்வதை வேலைவாய்ப்பு என்று கணக்கெழுதுகிறார்கள். வேலை கிடைத்தது உண்மை. நிலம் போனதும் உண்மை. இரண்டில் எது மீளாதது என்பதை விவசாயக் குடும்பத்தில் பிறந்த எவருக்கும் நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இனி, அயல்நாடுகளைப் பாருங்கள், அங்கெல்லாம் பண்ணைச் சுற்றுலா சுதந்திரமாகச் செழிக்கிறது என்ற நியாயத்துக்கு வருவோம். பெரும்பாலும் இத்தாலியையே உதாரணம் காட்டுகிறார்கள். அந்த உதாரணத்தை நானும் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்கிறேன். டஸ்கனியிலும் தென் டிரோலிலும் மற்றப் பிரதேசங்களிலுமாக இருபத்தையாயிரத்துக்கு மேற்பட்ட பண்ணைகள் அந்நாட்டில் விருந்தினரை ஏற்கின்றன. ஆனால் அப்பண்ணைகள் எந்தச் சட்டத்தின் கீழ் வளர்ந்தன என்று பார்க்க வேண்டாமா? 1985-ஆம் ஆண்டின் 730-ஆம் எண் சட்டம், விருந்தோம்பும் தொழிலை விவசாயி மட்டுமே செய்யலாம், அது விவசாயத்தோடு தொடர்புடையதாகவும் அதற்குத் துணையானதாகவும் இருக்க வேண்டும், விவசாயமே பிரதானமாக நிற்க வேண்டும் என்று விதித்தது. அதற்குப் பண்ணையில் முன்பே உள்ள கட்டிடங்களைப் பயன்படுத்த வழிசெய்தது. உழவர்கள் நகரங்களுக்குக் குடிபோனதால் வெறுமையாய்க் கிடந்த பழைய கல்வீடுகளும் தானியக் கிடங்குகளும் அவ்வாறே விருந்தினர் அறைகளாயின. திராட்சைத் தோட்டத்துக்குள் புதிய கான்கிரீட் அடுக்குகள் முளைக்கவில்லை. 2006-இல் வந்த 96-ஆம் எண் சட்டம் இந்தக் கட்டுப்பாட்டை நிலைநிறுத்தியதோடு, பத்து விருந்தினருக்கு மேற்படாதவரை விவசாயமே பிரதானம் என்று கொள்ளப்படும் என்று கூறி, சிறியவனைக் கணக்குக் காட்டும் தொல்லையிலிருந்து விடுவித்தது. ஆஸ்திரியாவிலும் பத்துப் படுக்கைகள் வரை, வீட்டார் தாமே கவனித்துக்கொள்ளும் அறை வாடகை, தொழில் உரிமம் தேவைப்படாத குடும்ப உபதொழிலாகக் கருதப்படுகிறது. ஆகவே அந்நாடுகள் நமக்குக் கற்பிப்பது கட்டுப்பாடின்மையை அல்ல. விருந்தினர் அறையை உழுகிறவனோடும் குடியிருக்கிறவனோடும் கட்டிப்போட்டதனால்தான், இத்தாலியக் குன்றுகளில் அந்த வருமானம் நகரத்து முதலாளியின் கைக்குப் போகாமல் விவசாயியின் வீட்டிலேயே தங்கிற்று. நம் மத்திய அரசின் ஹோம்ஸ்டே திட்டமும் உரிமையாளர் அவ்வீட்டிலேயே வசிக்க வேண்டும், ஆறு அறைகளுக்கு மேல் கூடாது என்றுதான் சொல்கிறது. நீலகிரியில் ஹோம்ஸ்டே என்ற பலகையைத் தாங்கிய எத்தனை வீடுகளில் உரிமையாளர் வசிக்கிறார் என்று நேரில் போய்ப் பார்த்தாலே, விதி கடுமையா அதன் அமுலாக்கம் தளர்ச்சியா என்பது விளங்கிவிடும்.

சுற்றுலாவைக் குறைத்தால் ஊர் பட்டினி கிடக்கும் என்கிற அச்சத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. 2024 மே மாதத்திலிருந்து உயர்நீதிமன்ற உத்தரவின்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில் நீலகிரிக்கு வார நாட்களில் 6000 வாகனங்கள், வார இறுதியில் 8000 என்று வரம்பும் வந்தது. மலையின் தாங்கும் சக்தி முடிந்து போனதென்பதை நீதிமன்றம் சொல்லித்தான் நாம் அறிய வேண்டியதாயிற்று. வருகிற வாகனங்களுக்கே வரம்பு விதிக்க நேர்ந்த இடத்தில், அறைகளுக்கு வரம்பே வேண்டாமென்பது எந்தக் கணக்கிலும் பொருந்தாது. கோடையில் ஊர்க்குழாயில் தண்ணீர் வராத நாட்களில் விடுதிகளுக்கு மட்டும் லாரியில் தண்ணீர் ஏறிச் செல்வதைப் பார்த்துக்கொண்டு குடத்தோடு நிற்கும் பெண்களிடமும் இந்த வாதத்தைச் சொல்லிப் பார்க்கலாம்.

கடைசியாக ஒன்று எஞ்சி நிற்கிறது: அனுமதி கேட்டு அலைவதிலேயே ஆண்டுகள் கழிகின்றன, ஒவ்வொரு மேஜையிலும் கை நீளுகிறது என்ற குற்றச்சாட்டு. இதை நான் மறுக்கவில்லை, மறுப்பது நேர்மையாகாது. பாட்டனார் கட்டிய வீட்டின் ஒரு பக்கத்தைச் சீர்செய்து இரண்டு அறைகளை வாடகைக்கு விட நினைக்கும் விவசாயியையும், ஐம்பது அறைகளுக்கு வரைபடம் கொடுக்கும் கம்பெனியையும் ஒரே வரிசையில் நிறுத்தி, வனத்துறை, வருவாய்த்துறை, சுரங்கத்துறை, வேளாண்மைத்துறை என்று ஒவ்வொன்றின் தடையின்மைச் சான்றுக்கும் இருவரையும் ஒரேவிதமாக அலைக்கழிப்பது நியாயமன்று. கம்பெனிக்கு அலைய ஆள் உண்டு; விவசாயிக்கு இல்லை. ஆகையால் செய்ய வேண்டிய சீர்திருத்தம் தெளிவானது. பட்டா தன் பெயரில் உள்ள, அதே நிலத்தில் பயிர் செய்து அதே வீட்டில் வசிக்கிற குடும்பம், முன்பே நிற்கும் கட்டிடத்தில் பத்து விருந்தினருக்கு மேற்படாமல் ஏற்க விரும்பினால், ஒரே விண்ணப்பம், ஒரே அலுவலகம், முப்பது நாட்களுக்குள் பதில், பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகக் கொள்ளுதல் என்று ஏற்பாடு செய்யலாம். நிலம் கைமாறினால் அந்த அனுமதி தானாகவே முடிந்துபோக வேண்டும். இல்லையேல் அனுமதியே விற்பனைப் பண்டமாகிவிடும். யானை வழித்தடத்துக்குள்ளும் மண் சரியும் அபாயமுள்ள நிலத்திலும் இந்தச் சலுகை செல்லாது என்பதை அவ்விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே சர்வே எண்களோடு அச்சிட்டு, ஒவ்வொரு பத்திரப் பதிவு அலுவலகத்திலும் ஒட்டிவிட வேண்டும். நிலம் வாங்க வருகிறவர் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அதைப் படித்திருக்கட்டும்.