வண்ணத்தை விடுங்கள், அச்சைப் பாருங்கள்

நவராத்திரி நெருங்கினால் செங்கல்பட்டு கடைத்தெருவில் கொலு பொம்மைகள் வந்து இறங்கும். பக்கத்துக் காஞ்சிபுரத்தில் பொம்மை செய்வதற்கென்றே பெயர்பெற்ற தெரு உண்டு. முன்பக்கத்துக்கு ஓர் அச்சு, பின்பக்கத்துக்கு ஓர் அச்சு. களிமண்ணையோ காகிதக் கூழையோ அழுத்தி எடுத்து, ஒட்டி, காயவைத்து, வண்ணம் தீட்டுகிறார்கள். அந்த உழைப்பின்மீது நமக்கு மரியாதை உண்டு. நம் கேள்வி அச்சைப் பற்றியது.

தோழர்களே, இந்த முறை கொலுப்படி முன் நின்றால் பட்டையும் நகையையும் விட்டுவிட்டு மூக்கு, உதடு, தாடை மூன்றையும் பாருங்கள். வீணை ஏந்தியவரும் தாமரையில் அமர்ந்தவரும் பெரும்பாலும் ஒரே முகம்: கூரிய மூக்கு, சிறிய உதடு, வெளுத்த நிறம். அகன்ற மூக்கும் தடித்த உதடும் கறுத்த தோலும் யாருக்கு? காலடியில் கிடக்கும் அசுரனுக்கு. நம் தாய் தகப்பன் சாயலுக்கு அச்சு இல்லாமல் இல்லை. மிதிபடும் இடத்தில் வைத்திருக்கிறார்கள்.

பார்பி பொம்மை சேகரிப்பவர்களுக்கு இந்தப் பார்வை பழகியது. முதுகில் 1966 என்று பொறித்திருந்தால், அது அந்த உடல் வடிவத்தின் பதிப்புரிமை ஆண்டு. பொம்மை செய்த ஆண்டல்ல. அதனால் அந்த எண்ணை மட்டும் நம்பாமல் முக அச்சையும் ஒப்பிடுகிறார்கள்.

நாமும் ஒப்பிடுவோம். 1967இல் மேட்டல் நிறுவனம் கறுப்பினப் பொம்மையாக ஒரு ஃபிரான்சியை விற்றது. வெள்ளை ஃபிரான்சியின் அதே முக அச்சு. நிறம் மட்டும் வேறு. 1980இல் 'பிளாக் பார்பி' வந்தது. பெயரும் தலைமுடியும் புதிது. முகமோ 1972இல் ஸ்டெஃபி என்ற பொம்மைக்குச் செய்த அச்சு. 2009இல் 'சோ இன் ஸ்டைல்' வரிசைக்கு அகன்ற மூக்கும் தடித்த உதடுமாகப் புதிய அச்சுகள் செய்தார்கள்.

லாஸ் ஏஞ்சலீஸ் கறுப்பின மக்கள் அதுவரை காத்திருக்கவில்லை. 1965 வாட்ஸ் எழுச்சிக்குப் பின் அவர்கள் தொடங்கிய ஷிண்டானா நிறுவனம் 1968இல் 'பேபி நான்சி'யைக் கொண்டுவந்தது. மேட்டல் பண உதவி செய்தது. ஆனால் தங்கள் குழந்தையின் முகம் எப்படி இருக்கவேண்டும் என்று முடிவு செய்தவர்கள் அவர்களே.

எனவே யாராவது 'உங்களுக்கும் இடம் கொடுத்துவிட்டோம்' என்றால் இரண்டு கேள்விகள் கேட்போம். அச்சு மாறியதா, வண்ணம் மட்டும் மாறியதா? அந்த அச்சு யார் கையில் இருக்கிறது?

இரண்டாவது கேள்வியை நம் கடற்கரையிலேயே கேட்கலாம். மாமல்லபுரத்தில் 1957 முதல் அரசு சிற்பக் கல்லூரி இயங்குகிறது. எது தெய்வ முகம், எது அசுர முகம் என்ற இலக்கணம் கைமாறும் இடம் அது. அங்கே உளி பிடிப்பவர்களில் நம் பிள்ளைகள் எத்தனை பேர்? தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப்போடப் பத்து ரூபாய்தான். கேளுங்கள். பதில் வந்ததும், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த நம் தம்பி தங்கைகளின் கையில் அந்தக் கல்லூரியின் விண்ணப்பத்தைக் கொடுங்கள்.