பழைய காரின் ஐட்லிங்: ஸ்க்ரூ டிரைவர் வேலையை ஆர்டுயினோ செய்யுமா?

அடி அண்ணாமலை பக்கம் கார் ஓட்டியவர்களுக்குத் தெரியும், அங்கே ஆக்ஸிலேட்டரைவிட பிரேக்குக்குத்தான் வேலை அதிகம். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், மலைக்குப் பின்பக்கம் இருக்கும் ஊர். பௌர்ணமி இரவில் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு வந்துவிடும். மற்ற நாள்களில் நடப்பவர்கள், சாதுக்கள், ஆட்டோ, மாடு எல்லாமே ஒரே சாலையில்தான். புது கார்கள் சமாளித்துவிடும். கார்புரேட்டர் காலத்து மாருதி 800 என்றால், கிளட்சை மிதித்து நிற்கும்போதே ஒரு குலுங்கு குலுங்கும். ஏசியைப் போட்டால் சட்டென்று ஆஃப் ஆகிவிடும்.

பின்னால் ஹாரன் அடிப்பது கூடப் பெரிய விஷயமில்லை. பிரேக் பூஸ்டர் உள்ள காரில் இன்ஜின் நின்றுபோனால், ஒன்றிரண்டு மிதிக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும். சரிவில், ஜனங்களுக்கு நடுவே அது நடக்கக் கூடாது.

மெக்கானிக்கிடம் போனால் ஸ்லோ ஸ்க்ரூவை அரைச் சுற்று ஏற்றிவிடுவார். கார் நிற்காது. ஆனால் ஏசி இல்லாதபோதும் இன்ஜின் இரைந்துகொண்டே இருக்கும், பெட்ரோலும் வீணாகும். ஸ்க்ரூ ஒரே இடத்தில்தான் நிற்கும். இன்ஜினின் சுமையோ நிமிடத்துக்கு நிமிடம் மாறும். காலையில் குளிர்ந்த இன்ஜினுக்கு ஒரு வேகம் வேண்டும், ஹெட்லைட்டும் ஏசியும் ஓடும்போது வேறொன்று.

இந்த இடத்தில்தான் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஆர்டுயினோ போர்டு உள்ளே வருகிறது. 2005-ல் இத்தாலியின் இவ்ரியா நகரில் மாணவர்களுக்காகப் பிறந்தது. அந்த ஊர் மதுக்கடை ஒன்றின் பெயர்தான் இதற்கும் வைக்கப்பட்டது. சென்னை ரிச்சி தெருவில் கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

அதற்கு முதலில் இன்ஜின் வேகம் தெரிய வேண்டும். மாருதி 800-ல் மூன்று சிலிண்டர். இரண்டு சுற்றுக்கு மூன்று ஸ்பார்க். நிமிடத்துக்கு 900 சுற்று என்றால் விநாடிக்கு 22.5 ஸ்பார்க், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 44 மில்லி விநாடி. நமக்கு அது கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை. 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஆர்டுயினோ ஊனோவுக்கு அதற்குள் 7 லட்சம் துடிப்புகள் கிடைக்கும். எண்ணிவிட்டு ஓய்வெடுக்கவும் நேரம் இருக்கும். ஒரு எச்சரிக்கை: இக்னிஷன் காயிலின் வயரை நேராக போர்டில் சொருகினால் கதை முடிந்தது. ஸ்பார்க் வரும் நொடியில் காயிலின் பிரைமரி பக்கத்திலேயே சில நூறு வோல்ட் எகிறும். போர்டு தாங்குவது 5 வோல்ட். நடுவில் ஒரு ஆப்டோகப்ளர் கட்டாயம் வேண்டும்.

வேகம் குறைந்தால் எதை அசைப்பது? இன்ஜெக்‌ஷன் கார்களைப் பார்த்து, தனிக் குழாயில் காற்றை மட்டும் கூடுதலாக விடப் பலர் முயல்வார்கள். கார்புரேட்டரில் அது எடுபடாது. காற்று கூடி பெட்ரோல் கூடாததால் கலவை மெலிந்து இன்ஜின் இன்னும் திணறும். த்ராட்டிலையே மயிரிழை திறக்க வேண்டும். ஏசி வைத்த பல பழைய கார்களில் இதற்கென்றே 'ஐடில் அப்' டயாபிரம் ஒன்று உண்டு. இன்ஜினின் வேக்யூமில் அது த்ராட்டிலை லேசாகத் தூக்கும். அந்த வேக்யூமைத் திறந்து மூடும் சோலினாய்டு வால்வை ஆர்டுயினோவின் கையில் கொடுத்துவிடலாம். கரன்ட் போனால் ஸ்பிரிங் த்ராட்டிலைப் பழைய இடத்துக்கே இழுத்துவிடும். இந்த ஏற்பாட்டின் உயிரே அந்த ஸ்பிரிங்தான். டயாபிரம் முழுதாகத் தூக்கினாலும் 1,200 சுற்றைத் தாண்டாதபடி அதன் தண்டை அளந்து மாட்ட வேண்டும். புரோகிராமில் தப்பு வந்தாலும் கார் பாயாது.

புரோகிராம் எழுதுவது சுலபம் என்று தோன்றும். 850-க்குக் கீழே போனால் தூக்கு, 950-க்கு மேலே போனால் இறக்கு. அப்படி அவசரமாகச் செய்தால் இன்ஜின் 'வூம்... வூம்' என்று ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். பால் பொங்கும்போது அடுப்பைக் குறைத்தாலும் பால் சற்று நேரம் ஏறிக்கொண்டேதானே இருக்கிறது? இன்ஜினும் அப்படித்தான், சொன்னதைக் கேட்க அரை விநாடி எடுத்துக்கொள்ளும். அதனால் கொஞ்சம் தூக்கிவிட்டு, காத்திருந்து, மறுபடி பார்க்க வேண்டும். நீராவி இயந்திரங்களின் கவர்னர் இதே தொல்லையைக் கொடுத்தது. 1868-ல் இயற்பியலாளர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் அதற்கென ஒரு கட்டுரையே எழுதினார்.

இதெல்லாம் நல்ல இன்ஜினுக்குத்தான். வேக்யூம் ஹோஸில் வெடிப்பு, அடைத்த ஜெட், தேய்ந்த பாயின்ட் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். போர்டு அந்தக் கோளாறை மூடி மறைக்கும். புகைச் சோதனையில் அது வெளியே வந்துவிடும். பாரத் ஸ்டேஜ் விதிகளுக்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்கு ஐட்லிங்கில் கார்பன் மோனாக்ஸைடு 3 சதவிகிதம்தான் வரம்பு. காரில் மாற்றம் செய்வதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கட்டுப்படுத்துவதால், சாலையில் இறக்கும்முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுவதும் நல்லது.

அதற்கும் முன்பு வீட்டு வாசலிலேயே ஒரு சோதனை. ஹேண்ட்பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, ஏசி, ஹெட்லைட் இரண்டையும் போடுங்கள். வேகம் 900-ஐ ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு போர்டுக்கு வரும் வயரைப் பிடுங்குங்கள். இன்ஜின் இரையாமல் பழையபடி குலுங்க ஆரம்பித்தால், மாட்டியது சரியாக இருக்கிறது.