குழல்விளக்கில் பெயருண்டு, வீரனுக்குக் கல் இல்லை!



சில ஆண்டுகளுக்கு முன்பு, நான் பணியாற்றிய பள்ளியொன்றின் ஜாகா காலமானார். மாணவர்களுக்கு அவர் ‘ஜாகா தாத்தா’. காலையில் வாயிற்கதவைத் திறப்பார். மழை பெய்தால் முதலாமாண்டுப் பிள்ளைகளைக் குடைக்குள் அணைத்துப் பேருந்துவரை கொண்டுபோய் விடுவார். அவரைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இழவு வீட்டிற்குச் சென்றபோது, அவருடைய படத்தின் முன்னால் ஒரு பழைய பிஸ்கட் டின் திறந்து வைக்கப்பட்டிருந்தது. உள்ளே மூன்று பதக்கங்களும் மடித்து மடித்துக் கிழிந்துபோன சேவைச் சான்றிதழும் இருந்தன. தோட்டத்தில் பால் மரம் வெட்டியவரின் மகன்; மலேசிய இராணுவத்தின் ரேஞ்சர் படையில் சேர்ந்து, எழுபதுகளில் தாய்லாந்து எல்லைக் காடுகளில் துப்பாக்கி ஏந்தி நின்றவர்! “எங்களுக்குத் தெரியாமல் போயிற்றே, அம்மா” என்றேன் அவருடைய துணைவியாரிடம். “யாரும் கேக்கலையே, டீச்சர்” என்றார்.

அந்தச் சொல் இன்றுவரை என்னை விட்டபாடில்லை. ஒவ்வோர் ஆகஸ்டு மாதமும் நாங்கள் வண்ணத்தாளில் வீரர்களின் படங்களை வெட்டி ஒட்டினோம், கொடி பிடித்தோம், நாட்டுப்பற்றுப் பாடல்கள் பாடினோம். உண்மையான வீரரோ வாயிற்கதவருகே நெகிழி நாற்காலியில் அமர்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இது யாருடைய குற்றம்? அரசாங்கத்தின் குற்றமா? இல்லை. என்னுடைய குற்றம், நம்முடைய குற்றம்.

நம்மவர்க்குக் கல்லில் பெயர் பொறிக்கத் தெரியாது என்று யாரும் கூறிவிட முடியாது. நம் கோவில்களுக்குச் சென்று பாருங்கள். குழல்விளக்கில் ‘உபயம்’ என்று எழுதியிருக்கும். மின்விசிறியின் இறக்கையில் எழுதியிருக்கும். தண்ணீர்த் தொட்டியில் எழுதியிருக்கும். குழல்விளக்கு கொடுத்தவருக்கு அதிலேயே ஓர் இடம் உண்டு. இளமையைக் கொடுத்தவருக்கும் உயிரைக் கொடுத்தவருக்கும் ஒரு சாண் கல்கூட இல்லை. கோவிலுக்குக் கொடுப்பதை நான் குறை கூறவில்லை. எதை நினைவில் வைக்கிறோம், எதை மறக்கிறோம் என்பதைத்தான் கேட்கிறேன்.

மலாக்காவில் கற்களுக்கா பஞ்சம்? செயின்ட் பால் குன்றின் சரிவில் டச்சுக் கல்லறை இருக்கிறது. பெயர்தான் டச்சு; அங்குள்ள 38 கல்லறைகளில் 33 ஆங்கிலேயருடையவை. 1831, 1832ஆம் ஆண்டுகளில் அலோர் காஜா வட்டாரத்தில் நடந்த நானிங் போரில் மாண்ட ஆங்கிலேய அதிகாரிகளுக்கு அங்கே நினைவுத்தூண் நிற்கிறது. அதே போரில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் காட்டுக்குள் நடந்தவர்களில் பெரும்பாலோர் சென்னை மாகாணத்துச் சிப்பாய்கள். அவர்களுள் தமிழரும் இருந்தனர். தம் மண்ணைக் காக்க நின்ற டோல் சைட்டை எதிர்த்த போர் அது. நாம் பெருமை பேச வேண்டிய போரன்று. ஆயினும், அதிகாரி மாண்டால் பெயர், சிப்பாய் மாண்டால் வெறும் எண்ணிக்கை என்னும் வழக்கம் எங்கிருந்து தொடங்கியது என்பதை அந்தத் தூண் காட்டுகிறது.

அங்கிருந்து சிறிது தொலைவில் புக்கிட் சீனா. அதன் அடிவாரத்தில், ஜப்பானியர் ஆட்சியில் மாண்ட சீனர்களுக்காக 1948ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட நினைவுச்சின்னம் உள்ளது. போர் முடிந்து மூன்றே ஆண்டுகள், நாடு விடுதலை அடையவில்லை, அரிசிக்கே தட்டுப்பாடு. அந்த நிலையிலும் அச்சமூகம் தன் மாண்டோருக்குக் கல் நட்டது.

சுங்கை ஊடாங்கில் தெரெண்டாக் முகாம் இருக்கிறது. வியட்நாம் போரில் மாண்ட ஆஸ்திரேலிய வீரர்கள் பலர் அங்குள்ள இராணுவக் கல்லறையில் புதைக்கப்பட்டிருந்தனர். முகாமுக்குள் இருந்ததால் குடும்பத்தினர் நினைத்தபோது வந்து வணங்க இயலவில்லை. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2016ஆம் ஆண்டு சூன் மாதத்தில், குடும்பத்தார் விரும்பியவாறு தெரெண்டாக்கிலிருந்து 32 பேரின் எச்சங்களை ஆஸ்திரேலியா தன் வானூர்தியில் ஏற்றித் தாயகம் கொண்டுசென்றது. நம் மாநிலத்து மண்ணிலிருந்தே கொண்டுசென்றது! நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இதைச் சொன்னோம்?

இனி நம் கணக்கைப் பார்ப்போம்.

1943ஆம் ஆண்டு சூலையில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்து இந்திய விடுதலை இயக்கத்தின் தலைமையை ஏற்றார். மலாயாத் தோட்டப்புறங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழ் இளைஞர்கள் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். அதே ஆண்டு அக்டோபரில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் சிங்கப்பூரில் தொடங்கியது. அப்படையில் சேர்ந்தோருள் மிகப் பலர் பால் வாளி தூக்கிய கைகளில் துப்பாக்கி ஏந்திய தோட்டத்துப் பெண்கள். ஜானகி ஆதி நாகப்பனின் பெயரை அறிவோம். அவர் 2014இல் மறைந்தார். நூறு அகவையைக் கடந்து வாழ்ந்து 2022இல் மறைந்த அஞ்சலை பொன்னுசாமியின் பெயரையும் செய்திகளில் கண்டோம். மற்றவர்கள் எங்கே? எந்தத் தோட்டத்தில், எந்த லயத்தில், எந்த வீட்டில் இருந்தார்கள்?

அப்படைக்கும் ஒரு கல் இருந்தது. 1945ஆம் ஆண்டு சூலை 8ஆம் நாள் சிங்கப்பூர்க் கடற்கரையோரம் மாண்ட வீரர்களுக்காக நேதாஜி அடிக்கல் நாட்டினார். இரண்டே மாதங்களில் திரும்பி வந்த பிரிட்டிஷார் அச்சின்னத்தைத் தகர்த்தனர். ஒரு கல்லுக்குப் பேரரசே அஞ்சியது! அந்த இடத்தை அடையாளங்காட்டும் பலகையைச் சிங்கப்பூர் 1995இல் வைத்தது. இங்கே நாம் வெடிவைத்துத் தகர்க்கவில்லை; எதையும் நடாமலேயே அதே வேலையைச் செய்து முடித்துவிட்டோம்.

சயாம் மரண இரயில் பாதையையும் மறக்கலாகாது. அங்குச் சென்றவர்கள் படைவீரர்கள் அல்லர். போர் விழுங்கிய பாட்டாளிகள். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் இறந்த ஆசியத் தொழிலாளர்கள் 90,000 பேர்வரை இருக்கலாம் என்பது ஆய்வாளர் கணிப்பு. அவர்களுள் மலாயாத் தமிழர் எண்ணற்றோர். காஞ்சனபுரியில் நேசநாட்டுப் போர்க் கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள், வரிசை வரிசையாக, புல் வெட்டிப் பூச்செடி வைத்துப் பேணப்படுகின்றன. நம்மவர்க்கு அங்கே தமிழில் ஒரு நடுகல் எழும்ப 2023ஆம் ஆண்டு ஆயிற்று. அதையும் தாய்லாந்துத் தமிழர்களே முன்னின்று செய்தனர். நட்டவர்களை வணங்குகிறேன். ஆனால், அந்தக் கல்லில் பொறிக்கப் பெயர்ப் பட்டியல் யாரிடம் இருக்கிறது? எழுதி வைத்தவர் யார்?

விடுதலைக்குப் பிறகும் நம்மவர்கள் படையில் இருந்தார்கள். காவல் துறையில் இருந்தார்கள். கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான நெருக்கடிக் காலத்தில் தோட்டக் காவலுக்கு நின்றார்கள். ‘இந்த நாட்டிற்கு நீங்கள் என்ன செய்தீர்கள்?’ என்று எவரேனும் கேட்டால் நமக்குக் கோபம் வருகிறது. கோபம் வரட்டும். ஆனால், விடை எங்கே? கோபம் சான்றாகாது, பெயர்ப் பட்டியல்தான் சான்று.

வீரனுக்குக் கல் நடுவது நமக்கு இரவல் வழக்கமன்று. தொல்காப்பியம் அதன் படிநிலைகளையே வகுத்துரைக்கிறது: கல்லைத் தேர்ந்து காண்பது முதல் வாழ்த்துவது வரை. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்ட நடுகற்கள் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை. அவற்றுள் ஒன்று தமிழி எழுத்தில் என்ன கூறுகிறது? வீரனின் பெயர், ஊர், ஆநிரைப் பூசலில் மாண்டான் என்னும் செய்தி. அவ்வளவுதான். பெயர், ஊர், நிகழ்வு. அதனால்தான் அவன் இன்றும் இருக்கிறான்.

மறுப்புரைகளையும் நான் அறிவேன்.

‘நேதாஜி படை ஜப்பானியரோடு சேர்ந்தது, அந்த ஜப்பானியர்தாம் நம்மைச் சயாமுக்கு இழுத்துச் சென்றார்கள். யாருக்குக் கல் வைப்பது?’ என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. ஒரே லயத்தில் ஒரு வீட்டுப் பிள்ளை படைக்கும் அடுத்த வீட்டுத் தகப்பன் சயாமுக்கும் போன காலம் அது. இதனை மறைக்க வேண்டாம். பிள்ளைகளுக்கு அப்படியே சொல்வோம். ஆநிரை கவரச் சென்று மாண்டவனுக்கும் கல் நட்டவர்கள் நம் முன்னோர். மீட்கச் சென்று மாண்டவனுக்கும் நட்டார்கள். கல்லின் வேலை தீர்ப்பு வழங்குவதன்று. இன்னார் இருந்தார் என்று கூறுவது.

‘தோட்டமே போய்விட்டதே, எங்கே நடுவது?’ என்பார்கள். உண்மைதான். இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. ஆனால், பல தோட்டங்களின் பெயர் நம் பள்ளிகளின் பெயர்ப்பலகையில் இன்னும் நிற்கிறது. மலாக்கா மாநிலத்தில் 21 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. கல் நடுவதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் வேறு ஏது?

‘அரசாங்கம் செய்யட்டும்’ என்பார்கள். அரசாங்கத்திடம் படைவீரரின் சேவை எண் இருக்கலாம். அவர் எந்த லயத்தில் பிறந்தார், அவருடைய தாயார் எந்த வெட்டில் பால் எடுத்தார் என்பது அரசாங்கத்திற்குத் தெரியாது. உங்கள் வீட்டுப் பாட்டிக்குத் தெரியும். பாட்டியும் எத்தனை நாளைக்கு?

கசப்பான நிகழ்வொன்றைக் கூறுகிறேன். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டமொன்றில் நுழைவாயில் வளைவு கட்டுவது பற்றிப் பேச்சு நடந்தது. எந்தப் பள்ளி என்பது வேண்டாம். இரு தூண்களிலும் நன்கொடையாளர் பெயர்களைப் பளிங்கில் பொறிப்பதென்று முடிவாயிற்று. ஒரு தூணில் ஒரேயொரு பலகையை அத்தோட்டத்திலிருந்து படைக்குச் சென்றவர்களுக்கு ஒதுக்கலாமா என்று கேட்டேன். சிறிது நேரம் அமைதி. பிறகு ஒருவர், “அவங்க எவ்வளவு குடுத்தாங்க, டீச்சர்?” என்றார். கேட்டவர் கெட்டவரல்லர், நன்கொடைப் பட்டியலைக் கையில் வைத்திருந்தவர், கைதவறிக் கேட்டுவிட்டார். சிலர் சிரித்தார்கள். எனக்கு விடை தெரிந்திருந்தது, வாய் திறக்கவில்லை. வளைவு எழும்பிவிட்டது. அன்று நான் மௌனமாக இருந்ததற்கு இன்று இதனை எழுதுகிறேன்.

என்ன செய்யலாம்? நான் கேட்பது பெரிய மண்டபமன்று, வெண்கலச் சிலையன்று.

நான்காம் ஆண்டு முதல் நம் மாணவர்களுக்கு வரலாறு ஒரு பாடமாக இருக்கிறது. ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்கள் ஒவ்வொருவரும் வீட்டிலும் அண்டையிலும் மூன்று கேள்விகள் கேட்டு வரட்டும்: நம் குடும்பத்தில் படைக்குச் சென்றவர் யார்? நேதாஜி படையிலோ சயாமிலோ இருந்தவர் யார்? அவர் எந்தத் தோட்டம்? ஆசிரியர்கள் அதனைச் சான்றிதழ், பதக்கம், புகைப்படம், இரு முதியவரின் வாய்மொழி ஆகியவற்றோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கட்டும். உறுதியாகாத பெயரைப் பொறிக்க வேண்டாம், குறிப்பேட்டில் காத்திருக்கட்டும். உறுதியான பெயர்கள், ஊர், ஆண்டு, நிகழ்வு ஆகியவற்றோடு பள்ளி வாசலில் ஒரு கல்லில் ஏறட்டும். ஆண்டுதோறும் சூலை 31ஆம் நாள், நாடு வீரர் நாளைக் கடைப்பிடிக்கும்போது, காலைச் சபைகூடலில் மாணவர்கள் அப்பெயர்களைப் படிக்கட்டும். உயிரோடிருக்கும் முன்னாள் வீரரை அன்று முன்வரிசையில் அமர்த்துங்கள். சிறப்பு விருந்தினர் இரண்டாம் வரிசையில் அமர்ந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

இதற்கு ஆகும் செலவு, விளையாட்டுப் போட்டிக்கு டி-சட்டை அச்சடிக்கும் செலவைவிடக் கூடுதலாக இராது. ஒரேயொரு நிபந்தனை: அந்தக் கல்லில் ‘உபயம்’ என்னும் சொல் இடம்பெறக் கூடாது.

பெற்றோர்களே, இன்றிரவே வீட்டிலுள்ள பழைய பிஸ்கட் டின்களைத் திறந்து பாருங்கள். ஆசிரியர்களே, நாளைக் காலை பள்ளி வாயிலைக் கடக்கும்போது அங்கு நிற்பவரிடம் ஒரு வணக்கத்தோடு நின்றுவிடாமல், ‘ஐயா, முன்பு என்ன வேலை செய்தீர்கள்?’ என்று கேளுங்கள்.

என் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் ஜாகா தாத்தாவின் பெயரை எழுதிவிட்டேன். பெயர், தோட்டம், படைப்பிரிவு, ஆண்டு. நான்கு வரிகள். அவருடைய துணைவியாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெல்லப் படித்தார். ஓர் ஆண்டைத் திருத்தினார். பிறகு, “இப்பதான் கேக்கிறீங்க” என்றார்.

தாமதந்தான், அம்மா. இனியாவது கேட்போம்.

அன்புடன்,
மலாக்காவிலிருந்து ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை