ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு முகவரி வேணும்

ரவுட்டர் எண்டால் எங்களில கனபேருக்கு வீட்டு மூலையில லைட் மினுங்கிக்கொண்டிருக்கிற வைஃபை பெட்டிதான் ஞாபகத்துக்கு வரும். நாங்கள் இங்க கதைக்கப்போறது அதைப் பற்றி இல்லை. ஓர் இணையத்தளத்துக்குள்ள எந்த முகவரிக்கு எந்தப் பக்கத்தைக் காட்டுறது எண்டு தீர்மானிக்கிற நிரலுக்கும் ரவுட்டர் எண்டுதான் பேர். கலைப்பீடப் பிள்ளைகளுக்கு இதில என்ன வேலை எண்டு கேட்பீங்கள். எழுதுறவைக்கும் வாசிக்கிறவைக்கும்தான் இதில முதல் அக்கறை இருக்கவேணும் எண்டது எங்கட கருத்து.

முந்தி ஒரு லிங்கை அழுத்தினால் சேர்வர் முழுப் பக்கத்தையும் புதுசா அனுப்பும். இப்ப கனக்கத் தளங்கள் ஒருதரம் மட்டும் இறங்கும். அதுக்குப் பிறகு ஜாவாஸ்கிரிப்ட்தான் உள்ளடக்கத்தை மாத்தி மாத்திக் காட்டும். ரவுட்டர் இல்லாமல் இப்பிடிச் செய்தால் எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் மேல முகவரி மாறாது. பின்னால போற பட்டனை அழுத்தினால் தளத்தை விட்டே வெளியில வந்துடுவம். ரவுட்டர் செய்யிற வேலை இதுதான்: அழுத்தினதைக் கவனிச்சு, உள்ளடக்கத்தையும் முகவரியையும் சேர்த்து மாத்துறது. 2010 அளவில பிரவுசர்களுக்கு இதுக்கான வசதி வந்தது. அதுக்கு முதல் # குறியை வைச்சுச் சமாளிச்சவை.

முகவரி இல்லாட்டி என்ன குறைஞ்சுபோகும்? மன்னார்த்தீவின்ர காற்றாலைகளைப் பற்றியும் இல்மனைட் மணல் அகழ்வைப் பற்றியும் இங்கத்தை இளைஞர்கள் எழுதுகினம். நாளைக்கு ஒரு மாணவி தன்ர ஆய்வேட்டின் அடிக்குறிப்பில அதைக் காட்டவேணும். "முகப்புக்குப் போய்க் கீழ இழுத்துப் பாருங்கோ" எண்டு அடிக்குறிப்பு எழுத ஏலாது. சுட்டிக்காட்ட ஏலாத எழுத்து விவாதத்தில நிற்காது. 2005இல் தொடங்கின நூலகம் திட்டத்தைப் பாருங்கோ. ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு நூலக எண், ஒரு பக்கம். ஈழத்து எழுத்தைப் பற்றி எழுதுறவை அதை நம்பி மேற்கோள் காட்டுறதுக்கு அந்த ஒழுங்கும் ஒரு காரணம்.

சரி, ரவுட்டர் எண்டால் எது? பேஜ்.ஜேஎஸ் தன்ர குறிப்பில தன்னைக் கிட்டத்தட்ட 1200 பைட் எண்டு சொல்லுது. ரியாக்ட் பாவிக்கிறவைக்கு வூட்டர் இருக்கு. அதைச் செய்தவையிட குறிப்பின்படி, சுருக்கின நிலையில அது 2 கிலோபைட் சொச்சம். ரியாக்ட் ரவுட்டருக்கு அதே குறிப்பு 18 கிலோபைட்டுக்கு மேல கணக்குக் காட்டுது. டேட்டா மிச்சம் எண்டு இதைப் பெரிசாச் சொல்ல நாங்கள் வரேல்லை. தலைமன்னார்க் கடற்கரையில எடுத்த ஒரு படத்தைச் சுருக்காமல் போட்டால் அந்த மிச்சம் எல்லாம் போயிடும்.

சின்னதைச் சொல்லுறதுக்கு எங்களிட்ட வேற காரணம் இருக்கு. எங்களைப்போல குழுக்களில ஆக்கள் நிரந்தரம் இல்லை. ஒரு பட்ச் போக அடுத்த பட்ச் வரும். ரியாக்ட் ரவுட்டரின் 6ஆம் பதிப்பு 2021 நவம்பரில வந்தபோது அடிப்படைப் பேர்களே மாறிச்சுது. பழைய பதிப்பில எழுதினவை நிரலைத் திருத்தாமல் புதுசுக்குப் போக ஏலாது. சம்பளம் இல்லாமல் ஓய்வு நேரத்தில செய்யிறவைக்கு அது பெரிய சுமை. சின்ன லைப்ரரியை ஒருத்தர்தான் பராமரிக்கிறார், நாளைக்கு விட்டுட்டுப் போனால்? நியாயமான கேள்வி. ஆனால் அந்தச் சில நூறு வரிகளையும் ஒரு பின்னேரத்தில வாசிச்சு விளங்கிக்கொள்ளலாம், ஒரு பிரதியை எங்கட கையிலேயே வைச்சிருக்கலாம்.

சின்னதோ பெரிசோ, மூண்டு இடத்தில கவனம் வேணும்.

ஒண்டு, கிட்ஹப் பேஜஸ் மாதிரி இலவச இடத்தில தளத்தை வைச்சால், உள்பக்கம் ஒண்டில நிண்டு ரீலோட் பண்ணேக்க 404 வரும். அந்த முகவரி ரவுட்டருக்குத்தான் தெரியும், சேர்வருக்குத் தெரியாது. 404 பக்கமாகவே முகப்பின் பிரதியை வைக்கிறது ஒரு வழி. # முகவரி இன்னொரு வழி, ஏனெண்டால் # குறிக்குப் பின்னால உள்ளது சேர்வருக்குப் போறதே இல்லை.

ரெண்டு, தமிழ் முகவரி. யூனிகோட்டில "மன்னார்" 7 குறியீடுகள். ஒவ்வொண்டும் 3 பைட். முகவரியில ஒவ்வொரு பைட்டும் % குறியோட மூண்டு எழுத்தாகும். ஆக அந்த ஒரு சொல்லே 63 எழுத்து! ரவுட்டர் அதைத் திரும்பத் தமிழாக்குதா எண்டு முதலே பாக்கவேணும். ஆண்டும் இலக்கமும் சேர்ந்த குறுகிய முகவரி எங்களுக்கு விருப்பம்.

மூண்டு, வட்ஸ்அப்பிலும் பேஸ்புக்கிலும் லிங்க் போட்டால் வாற முன்னோட்டம். அதை எடுக்கிற நிரல்கள் பொதுவா ஜாவாஸ்கிரிப்டை ஓட்டிப் பாக்காது. அதால எந்தக் கட்டுரையைப் பகிர்ந்தாலும் ஒரே தலைப்புத்தான் வரும்.

பெரிய ஆக்களும் இதில அடிபட்டிருக்கினம். 2011 பெப்ரவரியில கோக்கர் நிறுவனத்தின் தளங்கள் முழுக்க ஜாவாஸ்கிரிப்டில தங்கிற மாதிரி மாறின. ஒரு பிழையோட பக்கங்கள் வெறுமையாப் போச்சு. ட்விட்டரும் # முகவரியைக் கொஞ்சக் காலம் வைச்சிருந்துட்டு, 2012இல் பக்கத்தைச் சேர்வரிலேயே செய்யிற முறைக்குத் திரும்பிச்சுது.

அதால எங்கட நிலைப்பாடு இது. வாசிக்கிற பக்கத்துக்கு ரவுட்டரே வேண்டாம். முன்கூட்டியே செய்துவைச்ச சாதாரணப் பக்கம் போதும். வங்காலைச் சரணாலயப் பறவைகளை மாதவாரியாப் பிரிச்சுக் காட்டுற வரைபடம் மாதிரி, தொட்டுத் தொட்டு மாறுற ஒண்டைச் செய்தால் அதுக்கு மட்டும் ஒரு சின்ன ரவுட்டர் போடுவம்.

எதைப் போட்டாலும், ஒருதரம் குடுத்த முகவரியை மாத்தக்கூடாது. உலகளாவிய வலையை உருவாக்கின ரிம் பேர்னர்ஸ் லீ 1998இலேயே இதைத்தான் வலியுறுத்தினவர். மாத்தியே ஆகவேணும் எண்டால், பழைய முகவரிக்கு வாறவை தானாகப் புதுசுக்குப் போக வழி வையுங்கோ. எங்கட கரைக்கு இது விளங்காத விசயம் இல்லை. 1964 புயலுக்குப் பிறகு தனுஷ்கோடி எண்ட பேர் இருந்தது, இறங்கிறதுக்கு ஸ்டேசன் இருக்கேல்லை.

தளம் செய்யிறவையிட்ட ஒரு வேண்டுகோள். நிறம், எழுத்துரு எல்லாத்துக்கும் முதல் முகவரிகளை ஒரு தாளில எழுதுங்கோ. தளத்தை வெளியிட முதல் ஒரு கட்டுரையின் லிங்கை வேறொருத்தருக்கு அனுப்பி, அவற்ற போனில திறந்து, ரீலோட் பண்ணி, பின்னால போய்ப் பாருங்கோ. மூண்டும் சரியா வேலை செய்தால் வெளியிடலாம்.