பயத்தை யார் கற்றுக்கொடுத்தது?

செஞ்சிக் கோட்டையைப் பார்க்க வருகிறவர்களில் சிலர் அப்படியே எங்கள் சிங்கவரத்துக்கும் வந்து போவார்கள். பல்லவர் காலத்துக் குடைவரை. பாறையில் வெட்டிய அரங்கநாதர் நீட்டிப் படுத்திருப்பார். 1714இல் சண்டைக்குப் போகுமுன் ராசா தேசிங்கு வந்து உத்தரவு கேட்டதாகவும், சாமி 'போகாதே' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டதாகவும் கதை. எங்கள் ஊரைப்பற்றி எழுதுகிறவர்கள் எல்லாம் இதைத்தான் எழுதுவார்கள். அந்த மலைக்குக் கீழே கூரை வீடுகளில், சிம்னி விளக்கு வெளிச்சத்தில், பிறந்த பிள்ளைகளைக் கையில் வாங்கிய கிழவிகளைப் பற்றி எவரும் எழுதியதில்லை. அவர்களில் ஒருத்தி எங்கள் ஆயா. என்னையும் அவள்தான் வாங்கினாள்.

நான் இப்போது வங்கியில் எழுத்தர். கைப்பிள்ளையோடு கவுண்டருக்கு முன்னால் வந்து நிற்கிற பெண்களைப் பார்க்காத நாள் இல்லை. "மேடம், முத்துலட்சுமி காசு ஏறிடுச்சா?" டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தைத்தான் கேட்கிறார்கள். 1987இல் வந்த திட்டம். 2006இல் 6,000 ரூபாய், 2011இல் 12,000, 2018இல் 18,000 என்று ஏறி வந்திருக்கிறது. நல்ல திட்டம்தான், மறுக்கவில்லை. அந்தப் பெண்களுக்குக் கணக்கு எண் தெரியும், ஆதார் எண் தெரியும், பிக்மி எண் தெரியும். ஒருநாள், வயிற்றுப் பிள்ளையோடு நின்ற ஒரு பெண்ணிடம் கேட்டேன்: "வலி எடுக்கும்போது உள்ள என்ன நடக்கும்னு யாராச்சும் சொன்னாங்களாம்மா?"

"அதெல்லாம் யாரு சொல்றா மேடம். போனா அவங்களே பாத்துக்குவாங்க. கத்தக்கூடாதுன்னு மட்டும் சொல்லியிருக்காங்க."

இந்தக் கட்டுரை அந்தப் பதிலைப் பற்றியது.

தோழர்களே, முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் ஆஸ்பத்திரிக்கு எதிரி இல்லை. தமிழ்நாட்டில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 2001-03இல் 134 தாய்மார்கள் செத்தார்கள்; 2018-20இல் அது 54 ஆகக் குறைந்தது. குறைந்த அந்த உயிர்களில் நம் பெண்களும் இருக்கிறார்கள். மூன்று நர்சுகள் முறைவைத்து இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையமும், 2008இல் வந்த 108 வண்டியும் சும்மா வந்துவிடவில்லை. வரிப்பணத்தில் வந்தவை, நமக்கு உரிமையானவை. 'பழைய காலத்தில் எல்லாம் வீட்டிலேயே பெற்றார்கள், இயற்கையோடு இருந்தார்கள்' என்று இன்றைக்குச் சிலர் ஏக்கத்தோடு பேசுகிறார்கள். 2018இல் திருப்பூரில், காணொளி பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்கப்போய் ஒரு பெண் இறந்தாள். ரத்தம் கொட்ட ஆரம்பித்தால் தன்னம்பிக்கை அதை நிறுத்தாது. சேரியில் ரத்தப்போக்கு கண்டு செத்தவர்களின் பேர்களை எங்கள் ஆயா விரல் மடக்கிச் சொல்வாள். அந்தப் 'பழைய காலம்' யாருக்குப் பொற்காலமாக இருந்தது என்று நமக்குத் தெரியும்.

ஆனால் ஆஸ்பத்திரிக் கதவுக்குள் உயிர் பிழைக்கிற உரிமையை வாங்கிய நாம், மனுஷியாக இருக்கிற உரிமையை வாங்கினோமா?

என் சித்தி மகள் ஒரு அரசு மருத்துவமனையில் பெற்றாள். வலியில் கத்தியபோது தொடையில் ஒரு அடி. "அன்னிக்கு இனிச்சுதா, இன்னிக்குக் கசக்குதா?" என்று ஒரு கேள்வி. இதைக் கேட்காத ஏழைப் பெண் தமிழ்நாட்டில் எத்தனை பேர்? அடுத்து, "உங்க ஆளுங்களுக்கு என்னாடி, கழனியிலேயே பெத்துட்டு எழுந்து போறவங்கதானே." இந்த இரண்டாவது வாக்கியத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். அது புகழ்ச்சி மாதிரி இருக்கும். உள்ளே இருப்பது சாதி. இவளுக்கு வலிக்காது, ஆகவே இவளுக்கு ஆறுதல் வேண்டாம், மருந்து வேண்டாம், துணை வேண்டாம்.

இந்தப் பொய் நம்ம ஊரில் மட்டும் உள்ளதல்ல. 'பயமில்லாத பிரசவம்' என்று புத்தகம் எழுதிய இங்கிலாந்து டாக்டர் கிராண்ட்லி டிக்-ரீட் ஒரு முக்கியமான உண்மையைச் சொன்னார்: பயம் உடம்பை இறுக்குகிறது; இறுகிய உடம்பில் வலி கூடுகிறது; கூடின வலி பயத்தைக் கூட்டுகிறது. இந்தச் சக்கரத்தை அறிவால் உடைக்கலாம் என்றார். அதே மனுஷர்தான் 'நாகரிகமற்ற' இனத்துப் பெண்கள் சுலபமாகப் பெற்றுவிடுகிறார்கள் என்றும் எழுதினார். வெள்ளைக்கார சீமாட்டிக்கு நம்பிக்கை கொடுக்க, கறுப்புப் பெண்ணின் வலியை அழித்தார். நாம் அவரிடமிருந்து முதல் பாதியை எடுத்துக்கொள்வோம், மறுபாதியைக் குப்பையில் போடுவோம்.

இன்னொரு வரலாறு இருக்கிறது, நம் தோழர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. லமாஸ் வகுப்பு என்று இன்று பெருநகரங்களில் காசு வாங்கிக்கொண்டு நடத்துகிறார்களே, அது எங்கே முளைத்தது தெரியுமா? சோவியத் நாட்டில் வெல்வோவ்ஸ்கி முதலியவர்கள் பாவ்லோவின் ஆய்வுகளை வைத்து, பிரசவம் பற்றிய பாடத்தையும் மூச்சுப் பயிற்சியையும் கர்ப்பிணிகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். 1951இல் அதை நேரில் பார்த்த பிரெஞ்சு டாக்டர் ஃபெர்னான் லமாஸ், பாரீசில் தான் வேலை செய்த மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார். அது உலோகத் தொழிலாளர் சங்கம் நடத்திய மருத்துவமனை! பட்டறைத் தொழிலாளியின் பெண்டாட்டிக்குத்தான் அந்தப் பாடம் முதலில் போனது. 'இது கம்யூனிஸ்டு சரக்கு' என்று எதிர்த்தார்கள். 1956இல் போப்பாண்டவரே இதில் மத விரோதம் இல்லை என்று சொல்ல வேண்டிவந்தது. பிறகு அமெரிக்காவுக்குப் போயிற்று, நடுத்தர வர்க்கத்து வகுப்பாயிற்று, கட்டணம் கட்டுகிறவர்களின் சொத்தாயிற்று. சங்கத்திலிருந்து சந்தைக்குப் போனதை மறுபடி சங்கத்துக்குக் கொண்டுவருவது ஒன்றும் நடக்காத காரியமல்ல.

அப்படி என்னதான் பாடம்? பெரிய ரகசியம் எதுவுமில்லை. கருப்பை ஒரு தசை. அது சுருங்கிச் சுருங்கி வாயைத் திறக்கிறது, பத்து சென்டிமீட்டர் வரை. வலி விட்டுவிட்டு வரும். இடையில் ஓய்வு உண்டு. தலைச்சன் பிள்ளைக்கு, வாய் ஐந்து சென்டிமீட்டர் திறந்த பிறகும் பன்னிரண்டு மணி நேரம் ஆகலாம். மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறந்தே ஆகவேண்டும் என்ற கணக்கு எல்லாருக்கும் பொருந்தாது என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் சொல்லிவிட்டது. படுத்தே கிடக்க வேண்டியதில்லை. நிற்கலாம், நடக்கலாம், குந்தலாம். மலைமேல் இருக்கிற அரங்கநாதர் வேண்டுமானால் ஆயிரத்து முந்நூறு வருஷமாய்ப் படுத்திருக்கட்டும், பெறுகிறவள் ஏன் அப்படிக் கிடக்க வேண்டும்? மயிர் மழிப்பது, எனிமா கொடுப்பது, எல்லாருக்கும் கத்திரி வைத்துக் கிழிப்பது, பிள்ளையைத் தள்ள வயிற்றை மேலிருந்து அமுக்குவது, இவை எதுவும் வழக்கமாகச் செய்யத் தேவையில்லை, செய்யக்கூடாது என்று அதே நிறுவனம் சொல்கிறது. பயந்தால் ஊறுகிற அட்ரினலின், வலியை நடத்திச் செல்கிற ஆக்சிடோசினைத் தடுக்கும். ஆக, அடியும் வசவும் அநாகரிகம் மட்டுமல்ல; அவை பிரசவத்தையே தாமதமாக்குகிற காரியங்கள். தாமதமானால் டிரிப்சில் ஊசி, அதுவும் போதாதென்றால் கத்தி.

அந்தக் கத்தியின் கணக்கையும் பார்த்துவிடுவோம். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 44.9 பிரசவம் சிசேரியன். தனியாரில் 63.8, அரசில் 36. நாடு முழுக்கச் சேர்த்தால் 21.5தான். நம் பெண்களின் இடுப்பெலும்பு மட்டும் திடீரென்று சுருங்கிப்போய்விட்டதா? உயிர் காக்கிற அறுவை வேறு, வசதிக்கும் வருமானத்துக்கும் நடக்கிற அறுவை வேறு. எது எது என்று கேட்கிற தைரியம், உள்ளே என்ன நடக்கிறதென்று தெரிந்தவளுக்குத்தான் வரும்.

இதை நான் அடுத்தவளுக்குச் சொல்லவில்லை. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நான் பட்டதாரி. கவிதை எழுதுகிறவள். கடன் பத்திரத்தில் சின்ன எழுத்தில் உள்ளதைக்கூட வாடிக்கையாளருக்கு விளக்குகிறவள். என் தலைச்சன் பிரசவத்துக்கு ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தேன். வலி வந்து ஆறு மணி நேரத்தில் ஒரு காகிதத்தை நீட்டினார்கள், படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். அந்த அறுவை தேவையா, தேவையில்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தேவையாகவே இருந்திருக்கலாம். நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்பதுதான் என்னை அரிக்கிறது.

அதைவிட அரிப்பது வேறொன்று. அன்றைக்கு எங்கள் ஆயா புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பி நின்றாள். "நானும் வரேன்டி, பக்கத்துல இருக்கேன்." வெற்றிலைச் சாறு படிந்த வாய், முட்டிக்கு மேல் ஏற்றிக் கட்டிய புடவை. அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளை நிறுத்த எனக்குக் கூச்சமாக இருந்தது. வங்கிக்காரி அல்லவா நான்! "நீ வூட்லயே இரு ஆயா" என்றேன். மனு சொன்னதை நான் செய்தேன். பிரசவம் தீட்டு, தொப்புள்கொடி அறுப்பவள் தீட்டு என்று அந்த வேலையை அம்பட்டர் வீட்டு மருத்துவச்சி தலையிலும், புதிரை வண்ணார் பெண்கள் தலையிலும், வடக்கே தலித் தாய்மார்கள் தலையிலும் கட்டி, கூலியாக ஒரு மரக்கால் நெல்லும் பழம்புடவையும் எறிந்தார்கள். அவர்கள் கையை வாங்கிக்கொண்டு அறிவை இழிவென்றார்கள். அந்த இழிவு எனக்குள்ளும் ஊறிக் கிடந்திருக்கிறது.

ஆயா இரண்டு வருஷம் கழித்துச் செத்துப்போனாள். அவள் பிரசவத்தின்போது சொல்கிற ஒரு வார்த்தையை அம்மாதான் எனக்குச் சொன்னாள்: "வலி ஏத்தம் எறைக்கிற மாதிரிடி. ஏறும், எறங்கும். எறங்கறப்ப மூச்சு வாங்கிக்கோ." பாரீசில் காசு கொடுத்துக் கற்ற பாடம், எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தது. நான்தான் வெளியே விட்டுக் கதவைச் சாத்தினேன்.

ஆயாவைப் புனிதமாக்க நான் வரவில்லை. அவளுக்குத் தெரியாததும் இருந்தது. வலிப்பு வந்தால், பார்வை மங்கினால், பனிக்குட நீர் பச்சையாக உடைந்தால், ரத்தம் நிற்காமல் போனால், அவளிடம் பதில் இல்லை, ஆஸ்பத்திரியில் இருக்கிறது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து இடுப்பை நீவி, பயப்படாதே என்று சொல்ல அவளுக்குத் தெரியும். அது ஆஸ்பத்திரியில் இல்லை. 17 நாடுகளில் 15,000 பெண்களுக்கு மேல் சேர்த்துப் பார்த்த 26 ஆய்வுகளின் தொகுப்பு ஒன்று 2017இல் வந்தது: விட்டுப்போகாத துணை ஒருத்தி கூட இருந்தால் சிசேரியன் குறைகிறது, பிரசவ நேரம் குறைகிறது, சுகப்பிரசவம் கூடுகிறது. மருந்தல்ல, எந்திரமல்ல, பக்கத்தில் ஓர் ஆள்! தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணை வைத்துக்கொள்ள 2000களிலேயே வழி செய்தார்கள். 2016இல் மத்திய அரசும் சொல்லிற்று. எத்தனை பேருக்குத் தெரியும்? எத்தனை வாசலில் "எல்லாரும் வெளிய போங்க" என்ற குரல் நிற்கிறது?

இனி நம் இயக்கத்துக்கு வருகிறேன். பஞ்சமி நிலம் பேசுகிறோம், இட ஒதுக்கீடு பேசுகிறோம், வன்கொடுமை வழக்கு நடத்துகிறோம். பிரசவ அறை ஒருநாளும் நம் தீர்மானத்தில் ஏறியதில்லை. 'அது பொம்பளைங்க சமாச்சாரம்' என்று தோழர் ஒருவர் என்னிடமே சொன்னார். அவருக்கு நினைவூட்டுகிறேன்: 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு சலுகை மசோதாவை ஆதரித்து எழுந்து பேசியவர் பாபாசாகேப் அம்பேத்கர். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு வேண்டும், அது நாட்டின் நலன் என்றார். பிள்ளைப்பேறு அவருக்குத் தொழிலாளர் பிரச்சினை, அரசியல் பிரச்சினை.

ஆகவே கேட்கிறேன். காலனிக்குக் காலனி அம்பேத்கர் இரவுப்பாடசாலை நடத்துகிறோமே, அதில் வருஷத்துக்கு ஐந்து மாலை பிரசவப் பாடத்துக்கு ஒதுக்க முடியாதா? கர்ப்பிணிகள், அவர்கள் மாமியார்கள், புருஷன்மார்கள் எல்லாரும் உட்காரட்டும். நர்சம்மா ஒருவரைக் கூப்பிடுவோம், மிச்சமிருக்கிற கிழவிகளையும் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்கார வைப்போம். உடம்பு எப்படித் திறக்கிறது, எப்போது காத்திருக்கலாம், எப்போது ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்காமல் 108ஐக் கூப்பிட வேண்டும், காகிதம் நீட்டினால் "ஏன்? வேற வழி இருக்கா? கொஞ்ச நேரம் பாக்கலாமா?" என்று எப்படிக் கேட்பது, இவ்வளவுதான் பாடம். சமுதாய வளைகாப்பில் ஐந்து வகைச் சோறு போட்டு வளையல் மாட்டி அனுப்புகிறார்களே, அங்கேயும் இந்தப் பாடத்தைக் கேட்டு வாங்குவோம். துணைக்கு ஆள் விடமாட்டேன் என்கிற வாசலில் நாலு பேர் போய் நிற்போம். அடித்தால் எழுத்தில் புகார் கொடுப்போம். நர்சுகளோடு நமக்குப் பகையில்லை. ஒருத்தி பத்துப்பேர் வேலையைப் பார்த்தால் எரிச்சல்தான் வரும். கூடுதல் ஆள் போடு என்று அவர்களுக்காகவும் கேட்போம்.

என் தம்பி பொண்டாட்டிக்கு மாசியில் நாள் குறித்திருக்கிறார்கள். எங்கள் அம்மா கூடப் போகிறாள், உள்ளே, கடைசிவரை. நான் லீவு போட்டுவிட்டு வாசலில் இருப்பேன். ஏற்றம் இறைக்கிற கதையை அவளுக்கு இப்போதே சொல்ல ஆரம்பித்துவிட்டோம். நேற்று அவள் கேட்டாள்: "அப்ப வலிக்காதாக்கா?"

"வலிக்கும்டி. ஆனா அது என்னா வலின்னு ஒனக்குத் தெரியும்."